செம்மையும் சாம்பலும்: கைப்பர் பட்டையின் பனியுடல்களுக்கு நிறம் எங்கிருந்து வந்தது?

1. கேள்வி

வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட வெளியில் உலவும் சிற்றுடல்களைச் சென்டார்கள் என்கிறோம். அவற்றுள் முதலில் இனங்காணப்பட்டது, 1977இல் சார்லஸ் கோவல் கண்டுபிடித்த கைரன். அதன் நிறம் சாம்பல். தன்மேல் விழும் சூரிய ஒளியின் நிறத்தை ஏறக்குறைய மாற்றாமலே திருப்பியனுப்புகிறது. 1992 ஜனவரியில் டேவிட் ராபினோவிட்ஸ் கண்டுபிடித்த ஃபோலஸ், அளவில் கைரனுக்கு நிகரானது. சூரியனை மிக நெருங்கும்போது இரண்டும் ஏறத்தாழ 8.5 வானியல் அலகுத் தொலைவுக்கு வருகின்றன. ஆனால் ஃபோலஸ், சூரியக் குடும்பத்தில் அதுவரை அளந்தறிந்த எதையும்விடச் சிவப்பாக இருந்தது. கிட்டத்தட்ட ஒரே வெயிலையும் ஒரே குளிரையும் காணும் இரண்டு உடல்கள் ஏன் இவ்வளவு வேறுபட வேண்டும்?

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, ஹவாயின் மௌனா கியா மலையிலிருந்து டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும், இன்று ஆல்பியன் என்று பெயர் பெற்றிருக்கும் உடலைக் கண்டார்கள். புளூட்டோவும் அதன் துணைக்கோளும் நீங்கலாக, நெப்டியூனுக்கு அப்பால், கைப்பர் பட்டை எனப்படும் பகுதியில் கண்டறியப்பட்ட முதல் உடல் அது. பின்னர் நூற்றுக்கணக்கில், இப்போது ஆயிரக்கணக்கில் இத்தகைய உடல்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டன. கைரன், ஃபோலஸ் எழுப்பிய கேள்வியும் அவற்றோடு சேர்ந்து வளர்ந்தது. இந்தப் பனியுடல்களின் நிறம் அவை பிறந்த இடத்தைச் சொல்கிறதா, அல்லது பிறந்தபின் பட்ட அடிகளையும் கதிர்வீச்சையும் சொல்கிறதா?

முப்பதாண்டு விவாதத்தில் இவ்விரண்டும் எதிரெதிர் விடைகளாகவே நிறுத்தப்பட்டுவந்தன. அந்த எதிர்நிறுத்தமே பிழை என்பது என் வாதம். கதிர்வீச்சு எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது. அது எதன்மேல் விழுகிறது என்பதைப் பிறப்பிடம் தீர்மானிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நிறம். இந்த விடைக்கும் ஓர் எல்லை உண்டு. சூரியனை நெருங்கிவிட்ட உடல்களில் அது செல்லாது.

2. நிறம் என்று எதை அளக்கிறோம்

வானியலாளர் இங்கே சிவப்பு என்று சொல்வது, உடல் திருப்பியனுப்பும் ஒளியில் நீலம் குறைந்து சிவப்பு கூடியிருப்பதைத்தான். நேரில் பார்க்க முடிந்தால் பெரும்பாலும் மங்கிய செம்பழுப்பாகத் தெரியும். 40 வானியல் அலகுத் தொலைவில் சூரிய ஒளி பூமியில் இருப்பதில் 1,600இல் ஒரு பங்குதான். ஆனாலும் அது இருட்டல்ல. நம் பௌர்ணமி நிலவு தரும் ஒளியைப்போல் இருநூறு மடங்குக்கு மேல்.

அளவீடு எளிமையானது. நீலம், சிவப்பு ஆகிய இரு வடிப்பான்களின் வழியே ஒரே உடலைப் படமெடுத்து, பொலிவெண்களின் வேறுபாட்டைக் காண்பார்கள். சூரிய ஒளிக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ 1.0. கைரன் அதை ஒட்டி நிற்கிறது, ஃபோலஸோ 2.0ஐ நெருங்குகிறது. ஆனால் இவ்வுடல்களில் பெரும்பாலானவை 22ஆம் பொலிவெண்ணுக்கும் மங்கியவை. பெரிய தொலைநோக்கிக்கும் அவற்றின் நிறமாலை கைக்கு எட்டுவது அரிது. எனவே வேதியியல் கேள்விக்கு இரண்டே எண்களின் கழித்தலை வைத்துப் பதில் தேடும் நிலை நெடுங்காலம் நீடித்தது. இந்தத் துறையின் சர்ச்சைகளில் பாதி இந்த வறுமையிலிருந்து பிறந்தவை என்றே சொல்வேன்.

முதல் சர்ச்சை வகைகள் உண்டா என்பதுபற்றியே எழுந்தது. ஸ்டீபன் டெக்லரும் வில்லியம் ரோமனிஷினும் 1998இல், சாம்பல் ஒரு கூட்டம், சிவப்பு ஒரு கூட்டம், நடுவில் இடைவெளி என்று அறிவித்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை இருபதுக்கும் குறைவான உடல்கள். ஜூவிட்டும் லூவும் தம் அளவீடுகளில் அந்த இடைவெளியைக் காணவில்லை. நிறங்கள் தொடர்ச்சியாகப் பரவியிருப்பதாகச் சொன்னார்கள். 2003இல் நூனோ பெய்ஷின்யோவும் சக ஆய்வாளர்களும் சென்டார்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் அவிழ்ந்தது. சென்டார்களில் இரு கூட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. நெப்டியூனுக்கு அப்பாலிருக்கும் பெரிய உடல்களையும் கலந்து பார்த்தபோது அவை மறைந்தன. பிற்காலத்தில், அப்பாலிருக்கும் சிறிய உடல்களிலும் அதே பிளவு புலப்பட்டது.

3. மோதல் விளக்கம்

வேறுபாட்டுக்குக் கிடைத்த முதல் முழுமையான விளக்கத்தை ஜூவிட்டும் லூவும் 1996இல் முன்வைத்தார்கள். அதற்கு அடித்தளம் ஆய்வகத்தில் இருந்தது. மீத்தேன், மெத்தனால் போன்ற கார்பன் சேர்மங்கள் கலந்த பனியின்மேல் மின்னேற்றத் துகள்களையோ புற ஊதாக் கதிரையோ பாய்ச்சினால் ஹைட்ரஜன் வெளியேறி, எஞ்சும் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து சிவந்த பிசுக்காகின்றன. வாரணாசியில் பிறந்த பிஷுன் கரேயும் கார்ல் சேகனும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இத்தகைய பிசுக்குகளை உருவாக்கி ஆராய்ந்து, 1979இல் அவற்றுக்குத் தொலின் என்று பெயரிட்டார்கள். கதிர்த்தாக்கம் மேலும் தொடர்ந்தால் சிவப்பும் நிலைப்பதில்லை. சர்க்கரைப் பாகு பொன்னிறமாகி, செம்பழுப்பாகி, கடைசியில் கருகிப்போவதைப்போல இந்தப் பிசுக்கும் கருத்துச் சாம்பலாகிறது.

ஜூவிட்–லூ வாதத்தின்படி எல்லா உடல்களும் ஒரே சரக்குதான். காஸ்மிக் கதிர்கள் மேற்பரப்பைச் சிவக்கவைக்கின்றன. அவ்வப்போது நிகழும் மோதல்கள் உள்ளிருக்கும் புதுப்பனியை வாரி மேலே கொட்டுகின்றன. அண்மையில் அடிபட்டது சாம்பல். நெடுநாள் அடிபடாதது சிவப்பு.

அழகான விளக்கம். அதைச் சோதிக்கவும் முடிந்தது என்பது அதன் பெரிய சிறப்பு. மோதல் ஒரு பக்கத்தில் விழுவது. ஆகவே உடல் சுழலும்போது நிறம் மாறித் தெரிய வேண்டும். அப்படி மாறுவதைப் போதிய அளவில் காணவில்லை. 2001இல் ஜூவிட்டும் லூவுமே இந்தக் காரணத்தைக் காட்டி, நிறவேறுபாட்டுக்கு மோதல் முதன்மைக் காரணம் அல்ல என்று எழுதினார்கள். தாம் கட்டிய மாதிரியைத் தாமே அளந்து தள்ளிய இந்த நேர்மை, இத்துறையின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்களுள் ஒன்று.

இறுதி அடி இரட்டை உடல்களிடமிருந்து வந்தது. கைப்பர் பட்டையில் ஒன்றையொன்று சுற்றும் இணைகள் பல உண்டு. சூசன் பெனெக்கியின் குழு ஹபிள் தொலைநோக்கியால் இருபதுக்கும் மேற்பட்ட இணைகளை இரண்டாகப் பிரித்துப் படமெடுத்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியே அளந்தது. 2009இல் வெளியான முடிவு ஐயத்துக்கு இடம் தரவில்லை. இணை சிவப்பென்றால் இரண்டும் சிவப்பு. சாம்பலென்றால் இரண்டும் சாம்பல். மோதல்கள் தற்செயலானவை. அவைதாம் நிறத்தைத் தீர்மானிக்கின்றன என்றால், இணையின் இரு பாதிகளும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் நின்றுகொண்டு ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஒரே இடத்தில், ஒரே பொருளிலிருந்து சேர்ந்து பிறந்திருந்தால் மட்டுமே இது நடக்கும்.

4. பிறப்பிடம் என்ற விளக்கம்

பிறப்பிடத்துக்கான சான்று அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தது. 2000இல் டெக்லரும் ரோமனிஷினும் ஏறத்தாழ வட்டமான, சாய்வு குறைந்த சுற்றுப்பாதைகளில் 40 வானியல் அலகுக்கு அப்பால் இருக்கும் உடல்கள் எல்லாமே கடுஞ்சிவப்பு என்று காட்டினார்கள். பாதையில் கிளர்ச்சி இல்லாததால் இவற்றைக் குளிர்ந்த கூட்டம் என்பார்கள். 42 முதல் 47 வானியல் அலகுவரை இவை பரவியிருக்கின்றன.

இந்தக் கூட்டம் ஏன் முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள நெப்டியூனின் இடப்பெயர்வைக் கணக்கில் எடுக்க வேண்டும். புளூட்டோவின் விசித்திரமான பாதையை விளக்க, நெப்டியூன் சூரியனுக்கு அருகில் பிறந்து வெளிநோக்கி நகர்ந்திருக்க வேண்டும் என்று ரேணு மல்ஹோத்ரா 1993இல் காட்டினார். அந்த நகர்வு வழியிலிருந்த பனியுடல்களைத் தூக்கியெறிந்தது. இன்று சாய்ந்த, நீண்ட பாதைகளில் அலைபவை அப்படி இடம்பெயர்ந்தவை. அவற்றில் சிவப்பும் சாம்பலும் கலந்திருக்கின்றன. குளிர்ந்த கூட்டமோ பிறந்த இடத்திலேயே கிடக்கிறது. இதற்கும் இணைகளே சாட்சி. ஒன்றையொன்று தொலைவிலிருந்து தளர்வாகச் சுற்றும் இணைகள் இக்கூட்டத்தில் நிறைய உண்டு. நெப்டியூனின் ஈர்ப்பு இவற்றைப் பிடித்து எறிந்திருந்தால் அந்தத் தளர்ந்த பிணைப்பு அறுந்திருக்கும் என்று அலெக்ஸ் பார்க்கரும் ஜே.ஜே. கவேலார்ஸும் 2010இல் கணித்துக் காட்டினார்கள். பிறந்த மண்ணை விட்டு நகராத கூட்டம் ஒரே நிறத்தில் இருப்பதும், பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த கூட்டம் பல நிறத்தில் இருப்பதும் தற்செயலாக இருக்க முடியாது.

ஆனால் இடம் எப்படி நிறமாகிறது? மைக்கேல் பிரவுன், எமிலி ஷாலர், வெஸ்லி ஃபிரேசர் மூவரும் 2011இல் தந்த விடை எளிமையானது. தொடக்கத்தில் எல்லா உடல்களிலும் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, மெத்தனால், அம்மோனியா முதலியவற்றின் பனி கலந்திருந்தது. சூரியனுக்குச் சற்று அருகில் பிறந்தவற்றின் மேற்பரப்பிலிருந்து எளிதில் ஆவியாகும் பனிகள் அகன்றன. தொலைவில் பிறந்தவற்றில் அவை தங்கின. பிறகு கதிர்வீச்சு எல்லாவற்றின்மேலும் விழுந்தது. கார்பன் மிகுந்த பனி எங்கே எஞ்சியிருந்ததோ அங்கே சிவப்பு உண்டானது. ஒவ்வொரு பனிக்கும் ஒரு தொலைவு எல்லை இருப்பதால், தொடர்ச்சியான நிறப்பரவலுக்குப் பதிலாக இரு கூட்டங்கள் ஏன் உருவாயின என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. பிறப்பா, வாழ்வா என்ற எதிர்நிலையை முதலில் கரைத்தது இந்தக் கருதுகோள்தான்.

குறை என்னவென்றால், சிவக்கவைக்கும் பனி எது என்பதை அது நிறுவவில்லை. மூவரும் மெத்தனாலைச் சுட்டினார்கள். 2017இல் இயன் வோங்கும் பிரவுனும் ஹைட்ரஜன் சல்பைடைச் சுட்டினார்கள். இரு வடிப்பான் நிறத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

5. அர்ரோகோத்தின் அருகில்

2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் குளிர்ந்த கூட்டத்தைச் சேர்ந்த அர்ரோகோத்தைக் கடந்து சென்றது. 36 கிலோமீட்டர் நீளம். தட்டையான இரண்டு பகுதிகள் மெல்ல வந்து ஒட்டிக்கொண்ட வடிவம். ஒட்டிய வேகம் அவ்வளவு குறைவு என்பதால் இரண்டும் நசுங்கவோ உடையவோ இல்லை. மேற்பரப்பின் வெப்பநிலை கெல்வின் அளவில் சில பத்துகளே.

படங்களில் மூன்று விஷயங்கள் நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகின்றன. இரு பகுதிகளும் ஏறத்தாழ ஒரே சிவப்பு. இது பெனெக்கி இணைகளில் கண்டதன் நேரடிக் காட்சி. மோதற்பள்ளங்கள் குறைவு, சிறிய பகுதியில் 7 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள்ளும் சிவப்பே. மோதல் உள்ளிருந்து சாம்பல் நிறப் புதுப்பனியை வாரிக்கொட்டும் என்ற பழைய விளக்கம் உண்மையானால், அது தெரியவேண்டிய இடம் அதுதான். அங்கே சாம்பல் இல்லை. மூன்றாவது, நிறமாலை. வில் கிரண்டியின் குழு மெத்தனால் பனியின் அடையாளத்தை அதில் தெளிவாகக் கண்டது. தண்ணீர்ப் பனியின் அடையாளமோ ஐயமின்றிப் புலப்படவில்லை.

பனியுடலில் தண்ணீர்ப் பனி தென்படாமல் மெத்தனால் தென்படுவது எதிர்பாராதது. இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டன. கடுங்குளிரில் தூசித் துகள்களின்மேல் உறைந்த கார்பன் மோனாக்சைடுடன் ஹைட்ரஜன் சேர்ந்து மெத்தனால் உருவாகியிருக்கலாம். அப்படியானால் அது பிறப்புச் சொத்து. தண்ணீரும் மீத்தேனும் கலந்த பனியில் கதிர்வீச்சு பட்டும் மெத்தனால் உருவாகும். அப்படியானால் அது பின்னர் ஈட்டியது. ஒரே மூலக்கூறு இரு வழியிலும் வரக்கூடும் என்பதால், மெத்தனாலைக் கண்டதும் பிறப்பிட விளக்கம் நிறுவப்பட்டுவிட்டது என்று எழுதுவோர் அவசரப்படுகிறார்கள்.

6. வேறிடத்திலிருந்து வந்த நிறம்

நிறம் எப்போதும் உடலின் சொந்தப் பொருளிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. சனியின் துணைக்கோளான ஐயபீட்டஸின் ஒரு பாதி கரி, மறுபாதி பனிவெள்ளை. கரிப் பக்கத்தின் தூசி வெளியே சுற்றும் ஃபீபி என்ற மற்றொரு துணைக்கோளிலிருந்து வந்தது. புளூட்டோவின் துணைக்கோளான ஷாரோன் இன்னும் ஆழ்ந்து பார்க்கத்தக்கது.

2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் எடுத்த படங்களில் ஷாரோனின் உடல் சாம்பல். வடதுருவத்தில் மட்டும் செம்பழுப்பு. புளூட்டோவிலிருந்து தப்பும் மீத்தேன் வாயுவில் ஒரு பங்கு ஷாரோனை அடைகிறது. நூறாண்டுக்கு மேல் நீளும் துருவக் குளிர்காலத்தில் வெப்பநிலை 25 கெல்வினுக்கும் கீழே இறங்க, அங்கே அது உறைகிறது. புற ஊதாக் கதிர் அதை மாற்றுகிறது. வசந்தத்தில் மீத்தேன் ஆவியாகிவிட, மாறிய கனமான பொருள் தங்கிவிடுகிறது. இது கிரண்டியும் சக ஆய்வாளர்களும் 2016இல் தந்த விளக்கம். பின்னர் ஆய்வகத்தில் சோதித்தவர்கள், புற ஊதாக் கதிரால் பெரும்பாலும் நிறமற்ற ஈத்தேன்தான் உண்டாகிறது, சிவப்புக்குச் சூரியக் காற்றின் துகள்களும் வேண்டும் என்று 2022இல் திருத்தினார்கள். பின்னணி மாறவில்லை. பனி எங்கே தங்க முடிகிறதோ, அங்கேதான் கதிர் அதைச் சிவப்பாக்குகிறது. நெப்டியூனுக்கு அப்பால் தொலைவு செய்த வேலையை, ஷாரோனில் பருவகாலமும் அட்சரேகையும் செய்கின்றன. பிரவுன் குழுவின் கருதுகோளுக்கு ஓர் இயற்கைச் சோதனைச்சாலையாகவே இதைக் காண்கிறேன்.

எரிஸ், புளூட்டோ, மகேமகே போன்ற பெரிய உடல்களை இந்த விவாதத்தில் சேர்க்கக்கூடாது. அவற்றின் ஈர்ப்பு மீத்தேனையும் நைட்ரஜனையும் பிடித்துவைத்திருக்கிறது; அப்பனி மீண்டும் மீண்டும் உறைந்து மேற்பரப்பைப் புதுப்பிக்கிறது. எரிஸ் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 96 விழுக்காட்டைத் திருப்பியனுப்புவது அதனால்தான். அங்கே நாம் பார்ப்பது அண்மைக்காலப் பனிப்பொழிவை.

7. வெப் தொலைநோக்கியின் சாட்சியம்

தரையிலிருந்து பார்க்கையில் வளிமண்டலம் பெரிதும் மறைக்கும் 3 முதல் 5 மைக்ரான் வரையிலான அகச்சிவப்புப் பகுதியில்தான் பனிகளின் வலுவான அடையாளங்கள் இருக்கின்றன. ஜேம்ஸ் வெப் அந்தப் பகுதியைத் திறந்தது. நோயமி பினிய்யா-அலோன்சோவின் தலைமையிலான டிஸ்கோ திட்டம் அதைக்கொண்டு பல பத்து உடல்களின் நிறமாலைகளைப் பதிவுசெய்தது. 59 உடல்களில் 56இல் கார்பன் டை ஆக்சைடு பனியும் 28இல் கார்பன் மோனாக்சைடும் கண்டறியப்பட்டன. கார்பன் மோனாக்சைடு அந்தத் தொலைவின் வெப்பநிலையில் சிறிய உடல்களின் மேற்பரப்பில் நெடுங்காலம் தாங்காது; கதிர்வீச்சு மற்றப் பனிகளை உடைத்து அதைப் புதிதுபுதிதாக உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆக, கதிர்வீச்சின் வேலை இன்றும் நடக்கிறது என்பதற்கு இது நேரடிச் சான்று.

நிறமாலைகள் மூன்று வகையாகப் பிரிந்தன. ஏறத்தாழக் கால்பங்கு உடல்களில் தண்ணீர்ப் பனியும் பாறைத்தூசியும் மேலோங்கியிருக்கின்றன. இன்னொரு வகையில் கார்பன் டை ஆக்சைடு மேலோங்குகிறது. மூன்றாம் வகையில் மெத்தனாலும் சிக்கலான கரிமச் சேர்மங்களும் மிகுந்திருக்கின்றன. இடம்பெயராத குளிர்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவை அனைத்தும் இந்த மூன்றாம் வகையில் அடங்கின.

இதிலிருந்து இரு முடிவுகளுக்கு வரலாம் என்று கருதுகிறேன். முதலாவது, சாம்பல் உடல்களைப் பற்றியது. ஹெர்ஷல் தொலைநோக்கியின் அளவீடுகள், சாம்பல் உடல்கள் கருமையானவை, சிவப்பு உடல்கள் ஒப்பீட்டளவில் பொலிவானவை என்று முன்பே காட்டியிருந்தன. கதிர்வீச்சு மிகுந்தால் சிவப்பு கருத்துப்போகும் என்ற ஆய்வக முடிவோடு சேர்த்து, சாம்பல் உடல்கள் அளவுக்கு மீறிக் கருகியவை என்று வாதிட அப்போது இடமிருந்தது. அவற்றில் தண்ணீர்ப் பனியும் பாறைத்தூசியும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் அந்த வாதம் மிகவும் பலவீனமாகிவிட்டது. கருகுவதற்கான சரக்கே அவற்றில் குறைவு. இரண்டாவது, மூன்று வகைகளுக்கும் வேறுபட்ட கதிர்வீச்சு வரலாறு தேவைப்படவில்லை. வேறுபட்ட தொடக்கப் பனிக்கலவையே போதும்.

எச்சரிக்கையும் தேவை. அகச்சிவப்பு ஒளி மேற்பரப்பின் மிக மெல்லிய தோலை மட்டுமே தொட்டுவருகிறது. காஸ்மிக் கதிர்களோ மீட்டர் கணக்கில் உள்ளே செல்பவை. சில மைக்ரான் தடிமனில் கண்ட கலவையை உடலின் முழு இயல்பாக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

8. காணாமற்போகும் சிவப்பு

கைப்பர் பட்டையிலிருந்து உள்நோக்கி வருபவை சென்டார்களாகி, அவற்றில் சில வால்மீன்களாகின்றன. வழித்தோன்றல் இதுவென்றால் வால்மீன் கருக்களிலும் கடுஞ்சிவப்பு இருக்க வேண்டும். இல்லை. 2002இல் ஜூவிட் இதைச் சுட்டிக்காட்டினார். ரோசெட்டா விண்கலம் அருகில் சென்று பார்த்த 67பி வால்மீனும் கரியதாய், இலேசான செம்மையோடு மட்டுமே இருந்தது. வியாழனின் பாதையில் அதனோடு சுற்றும் டிரோஜன் உடல்களிலும் கடுஞ்சிவப்பைக் காணோம்.

2015இல் ஜூவிட் அளவீடுகளைத் தொகுத்து, சூரியனை நெருங்கும் தொலைவு ஏறத்தாழ 10 வானியல் அலகுக்குள் வரும் உடல்களில் கடுஞ்சிவப்பு அருகிவிடுகிறது என்று காட்டினார். சென்டார்கள் வால்மீன்களைப்போலத் தூசியும் வாயுவும் கக்கத் தொடங்குவதும் அதே தொலைவில்தான். கக்கிய தூசி மீண்டும் விழுந்து பழைய சிவப்புத் தோலை மூடிவிடுகிறது என்பது அவர் விளக்கம். அல்லது அத்தோலே ஊதித் தள்ளப்பட்டிருக்கலாம். எப்படியாயினும், அங்கே நிறம் பிறப்பிடத்தைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. கைரனைச் சுற்றித் தூசிப் படலம் உண்டு. ஃபோலஸில் அப்படி எதுவும் காணப்படவில்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் பிறப்புக்கு எவ்வளவு, இந்தக் கக்கலுக்கு எவ்வளவு என்பதை நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது. ஆக, இக்கேள்வியைத் தொடங்கிவைத்த இணையே அதற்கு விடைசொல்லத் தகுதியற்றதாகிவிட்டது.

சிலியில் இயங்கத் தொடங்கியிருக்கும் வேரா ரூபின் ஆய்வகம் ஆறு வடிப்பான்களின் வழியே பல்லாயிரம் பனியுடல்களின் நிறங்களைத் தரவிருக்கிறது. அவற்றில் மிகச் சிலவற்றைத்தான் வெப் நேரில் ஆராய முடியும். மற்றவற்றுக்கு நிறம் ஒன்றே சாட்சி. அந்தச் சாட்சியை எங்கே ஏற்கலாம் என்பது இப்போதே வகுக்கப்பட வேண்டும். 10 வானியல் அலகுக்கு அப்பாலேயே தங்கிவிட்ட நடுத்தர, சிறிய உடல்களில் ஏற்கலாம். மீத்தேன் பனி பொழியும் பெரிய உடல்களிலும், அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சென்டார்களிலும் ஏற்கக்கூடாது. எல்லையின் இருபுறமும் உள்ள சென்டார்களை இணையிணையாகத் தேர்ந்து, ஒரே நிறமுடையவற்றின் 3 மைக்ரான் பகுதியை வெப்பால் ஒப்பிட்டால், சிவப்புத் தோல் மூடப்படுகிறதா அல்லது அகற்றப்படுகிறதா என்பதற்கான விடை அங்கே கிடைக்கக்கூடும்.